நைனா என்ற பெயரில் யாரும் இல்லை

கேள்வி வந்து பத்து நாளாகிறது. இன்று காலை வரை நான் பதில் எழுதவில்லை.

கேட்டவர் யாரென்று தெரியாது, பெயரைப் பார்த்தால் பெண். "ஐயா, உங்க கருத்தைப் படிச்சேன். எங்க அம்மா செய்யூர் பக்கத்துல தனியா இருக்காங்க. முழங்கால் வலி, எழுந்து நடக்கக் கஷ்டம். அவசரத்துக்கு இதுகிட்ட சொன்னா என் போனுக்குக் கால் வருமா? உங்களை நம்பி வாங்கலாமா?" என்று எழுதியிருக்கிறாள். பேச்சைக் கேட்டு வேலை செய்யும் ஸ்பீக்கரைப் பற்றி, பொருள் விற்கும் தளத்தில் நான் எழுதியிருந்த கருத்துக்குக் கீழே அந்தக் கேள்வி இருக்கிறது. நான் எழுதியது இதுதான்:

"முதியோர் இருக்கும் வீட்டுக்கு வரப்பிரசாதம். கை வைக்காமலே விளக்கு எரிகிறது, பாட்டு பாடுகிறது, போன் போகிறது. தமிழை நன்றாகப் புரிந்துகொள்கிறது. முதலில் தயங்கிய என் மனைவி இப்போது இதனுடன் சரளமாகப் பேசுகிறார். தயங்காமல் வாங்கலாம்." ஐந்து நட்சத்திரம்.

அந்தப் பொருளை வாங்கியது என் மகன். கணக்கும் அவனுடையது, அதில்தான் நானும் எழுதுவேன். கேள்வி வந்த தகவல் அவன் போனுக்குத்தான் போயிற்று. அன்று மாலையே நாவலூரிலிருந்து கூப்பிட்டான்.

"நைனா, அந்தப் பொம்பள கேட்டிருக்கறதுக்கு நீயே பதில் போடு. அது போன் போடலன்னு போடு. எங்க அம்மா கூப்ட்டு கூப்ட்டு பார்த்துச்சு, அந்த டப்பா ஒண்ணும் பண்ணலன்னு போடு. நாலு பேராவது உஷாராவட்டும்."

"சரிப்பா" என்றேன்.

அந்த டப்பா போன் போட்டது. அப்போது எனக்கும் என் மனைவிக்கும் மட்டும்தான் அது தெரியும். என் மனைவியால் இப்போது பேச முடியாது.

செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் முப்பத்து நான்கு வருடம் இயற்பியல் நடத்தினேன். அந்தக் காலத்தில் யார் மிக்ஸி வாங்கினாலும், இன்வெர்ட்டர் வாங்கினாலும், ஆசிரியர் அறையில் என்னைக் கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். எத்தனை வாட், எவ்வளவு மின்சாரம் இழுக்கும், எதில் ஏமாற்றுகிறார்கள் என்று பலகையில் எழுதாத குறையாக விளக்குவேன். ஓய்வு பெற்ற பிறகு என்னைக் கேட்க ஆள் இல்லை. இணையத்தில் கருத்து எழுதலாம் என்று தெரிந்ததும் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்த ஒவ்வொரு பொருளுக்கும் எழுதினேன். "உதவியாக இருந்தது" என்று யாரோ அழுத்தியிருந்தால் அன்று முழுவதும் நல்ல மனநிலையில் இருப்பேன். என் மனைவியின் கருத்தையும் நானே எழுதிவிடுவேன்.

மின்சாரக் கார் வாங்கியபோதும் அப்படித்தான். "குடும்பத்தினர் அனைவருக்கும் மிகவும் பிடித்திருக்கிறது" என்று எழுதினேன். அவள் சொன்னது வேறு. முதல் நாள் அதில் ஏறி, கோவிலுக்குப் போய்த் திரும்பி, வாசலில் இறங்கியவுடன் சொன்னாள்: "ஏறினதும் தெரியல, எறங்கினதும் தெரியல. பொணம் தூக்கினு போறா மாதிரி போவுது."

"சத்தம் இல்லாதது நல்லதும்மா. அதுக்குத்தானே இது."

"உங்க ஸ்கூட்டரு தெருமொனைல வரசொல்லவே எனக்குக் கேட்டுடும். சோத்த எறக்கி வெச்சிடுவேன். இனிமே நீங்க வந்தீங்களா இல்லியான்னு நான் எப்டி தெரிஞ்சுக்கறது?"

"நானே வந்து சொல்றேன்."

"ஆமா, சொல்லிட்டாலும்."

இதை நான் எழுதவில்லை. மோட்டார், பேட்டரி, பிரேக் போடும்போது திரும்ப ஏறும் மின்சாரம் பற்றியெல்லாம் இரண்டு பக்கம் எழுதினேன்.

ஸ்பீக்கர் அதற்கு அடுத்த பொங்கலுக்கு வந்தது. கையில் அடங்கும் உருண்டை. மகன் அதைச் சமையலறை அலமாரியில், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தான். அதன் பெயரைச் சொல்லி அழைத்தால் நீல விளக்கு எரியும். பிறகு வேண்டியதைச் சொல்ல வேண்டும். என் மனைவி அதை "இந்தா பொண்ணு" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். எரியவில்லை. மகன் சிரித்துக்கொண்டே பெயரைச் சொல்லிக் கொடுத்தான். நாலைந்து தடவையில் அவளுக்கு வந்துவிட்டது.

"இன்னா கேக்கணும் இத்த?"

"எது வேணா கேளும்மா."

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்லாக்கீறியா?" என்று கேட்டாள்.

"மன்னிக்கவும், அது எனக்குப் புரியவில்லை" என்றது அது.

மகன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஆனால் அன்றிலிருந்து அவள் வாயைத் திருத்தும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். "கீது இல்லம்மா, இருக்கிறது. இன்னா இல்ல, என்ன. தெளிவா, மெதுவா." பத்திரிகைத் தமிழில் அவளைப் பேச வைக்கப் பார்த்தேன். அவள் செய்யூர்ப் பக்கத்து வேர்க்கடலைக் காட்டிலிருந்து வந்தவள். எட்டாவது வரை படித்தவள். திருத்தத் திருத்த அவள் அதனிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். என்னிடமும்தான்.

போன் போடுவதில்தான் பெரிய சிக்கல். யாருக்குப் போட வேண்டுமோ அவர் பெயரைச் சொல்ல வேண்டும். என் மனைவி என் பெயரைச் சொல்ல மாட்டாள்.

கல்யாணமாகி நாற்பத்து மூன்று வருடம். ஒரு முறைகூடச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்பவளைப் பார்ப்பாள். என் பெயர் ஒரு சாமியின் பெயர். ஆஸ்பத்திரியில் ஒரு முறை நர்ஸ் கேட்டபோது, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் காட்டி, "அந்தச் சாமி பேருதான், எழுதிக்கோ" என்றாள். எனக்கு அது அவமானமாக இருந்தது. நான் மேடையில் பகுத்தறிவு பேசியவன். பெயர் சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்று எவன் சொன்னான் என்று கல்யாணமான புதிதில் அவளோடு சண்டை போட்டிருக்கிறேன். "எவனும் சொல்லல. எனக்கு வாய் வரல, அவ்ளோதான்" என்றாள். அதோடு விட்டிருக்கலாம்.

மகன் எளிதாக ஒரு வழி சொன்னான். "உன் நம்பர நைனான்னு பேர் போட்டு வெச்சிடறேன். அம்மா என்கிட்ட உன்ன அப்டித்தானே சொல்லும், உங்க நைனா உங்க நைனான்னு. நைனாவுக்குப் போன் போடுன்னா முடிஞ்சுது."

அவள் முகம் மலர்ந்தது. "அது நல்லாக்கீது" என்றாள்.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தச் சொல்லே எனக்குப் பிடிக்காது. மகனுக்கு 'அப்பா' என்றுதான் சொல்லிக் கொடுத்தேன். அவள் பக்கத்துச் சொல்தான் அவன் நாக்கில் ஒட்டியது. "முழுப் பேர் போட்டு வை. ஒரு மெஷின்கிட்டயாவது அவ என் பேரச் சொல்லட்டும்" என்றேன். வேடிக்கையாகச் சொல்வது போலத்தான் சொன்னேன். ஆனால் விடவில்லை. என் இனிஷியலோடு, முழுப் பெயரோடு நானே பதிந்தேன். ஒரு நிமிட வேலை. மாற்றுவதற்கும் அதே ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும்.

அவளிடம் பட்டன் வைத்த பழைய போன் ஒன்று இருந்தது. சார்ஜ் ஏறாமல் போனதும், இனி எதற்கு என்று அதைத் தூக்கிப் போட்டதும் நான்தான்.

அவள் பேச்சு போன அன்று காலை, நாஸ்தா ஆன பிறகு நான் காரை எடுக்கக் கிளம்பினேன். மாமல்லபுரம் போய், கடற்கரைச் சாலையில் சதுரங்கப்பட்டினம் கோட்டை வரை ஓட்டி, ஏசி போட்டுக்கொண்டு போனால் பேட்டரி எவ்வளவு இறங்குகிறது என்று குறித்து வருவது திட்டம். ஒரு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு என்று ஒரு கருத்து எழுத நினைத்திருந்தேன். எட்டு மணி இருக்கும். அவள் சமையலறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தல சுத்தறா மாதிரி கீது. இன்னிக்கு எங்கியும் போவாதீங்களேன்."

"பிரஷர் மாத்திரை போட்டியா?"

"போட்டேன்."

"அப்ப படு. ஏதாவதுன்னா ஸ்பீக்கர்ல கூப்பிடு."

"அதாண்ட போனா பேரு சொல்லு பேரு சொல்லுன்னு பேஜாரு பண்ணும்."

"சொல்லேன். வாய் வெந்தா போயிடும்?"

 நான் கிளம்பிவிட்டேன்.

திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், கடற்கரைச் சாலையில் ஒரு ஹோட்டல் வளாகத்தில் இருக்கும் சார்ஜ் நிலையத்தில் வண்டியை நிறுத்தினேன். எனக்கு அப்போது சார்ஜ் தேவைப்படவில்லை. அங்கே நின்றால் ஆட்கள் வருவார்கள், கேட்பார்கள். அதற்காகத்தான் நிறுத்தினேன். இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல மாதம் ஆயிற்று.

எனக்கு முன்னால் ஒரு டாக்ஸிக்காரர் தன் மின்சார வண்டியில் சார்ஜ் வயரைச் சொருகிவிட்டு, பம்பரில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். சாப்பிட வந்த ஒரு குடும்பம், தங்கள் பெட்ரோல் காரை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. குடும்பத்தலைவர் என்னிடம், "வாங்கலாம்னு பாக்குறோம் சார். மழைத் தண்ணியில எறக்கினா ஷாக் அடிக்குமாமே?" என்றார். நான் ஆரம்பித்தேன். பேட்டரி எப்படி மூடப்பட்டிருக்கிறது, ஏன் ஷாக் அடிக்காது என்று விளக்கினேன்.

டாக்ஸிக்காரர் நடுவில் புகுந்தார். "அதெல்லாம் அடிக்காது அண்ணாத்த. ஆனா இது வண்டி இல்ல, கறவ மாடு. தீனி வெச்சாத்தான் கறக்கும். பாரு, நாப்பது நிமிஷமா நின்னுகினு கீறேன், ஒரு சவாரி பூட்ச்சு."

"அவசர சார்ஜே போட்டுக்கிட்டிருந்தா பேட்டரி ஆயுள் குறையும். வீட்டுல மெதுவா ஏத்தணும்" என்றேன்.

"வூட்ல எங்க சார் ஏத்தறது? நான் மூணாவது மாடி. மேலேர்ந்து வயரு தொங்கவுட்டா, கீழ் வூட்டம்மா அதுல பாவாட காயப் போட்டுடும்."

எல்லோரும் சிரித்தார்கள். குடும்பத்தலைவரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் கார்க் கதவைத் திறந்து வைத்து, உள்ளே இருக்கும் பெரிய திரையைக் காட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மணி அடித்தது. என் போன் காரோடு இணைந்திருந்ததால் திரை முழுவதும் பெரிய எழுத்தில் வந்தது: வீடு.

ஸ்பீக்கரிலிருந்து கூப்பிட்டால் அப்படித்தான் வரும். எல்லோரும் பார்த்தார்கள்.

"சார், வூட்லேர்ந்து. எடுத்துடுங்க, இல்லன்னா ராத்திரி சோறு கட்" என்றார் டாக்ஸிக்காரர்.

அந்த அழைப்பு வர வேண்டுமென்றால் என் மனைவி என் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். இது எனக்கு அந்த நொடியே புரிந்தது. நாற்பத்து மூன்று வருடத்தில் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய்க் கிண்டல் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். "ஒண்ணுமில்ல, எங்க வீட்டம்மா ஸ்பீக்கர்ல பேசிப் பழகறாங்க" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, திரையில் சிவப்பு வட்டத்தை அழுத்தினேன். மணி பத்து பத்து. திரையின் மூலையில் தெரிந்தது.

காரணம் இல்லாமல் விளைவு இல்லை என்று முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளுக்குச் சொன்னவன் நான். அவள் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டுமென்றால் என்ன நடந்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

பிறகு இன்னும் கால்மணி நேரம் பேசினேன். சதுரங்கப்பட்டினம் போனேன். கோட்டை மதிலோரம் நிறுத்தி, பேட்டரி எத்தனை சதவீதம் இறங்கியிருக்கிறது என்று டைரியில் குறித்தேன். மீன் வாங்கலாமா என்று யோசித்து, அவள் தலை சுற்றுகிறது என்றாளே, யார் சுத்தம் செய்வது என்று வாங்காமல் திரும்பினேன். தலை சுற்றியது நினைவுக்கு வந்தது அதற்கு மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து வண்டியை உள்ளே விட்டபோது வழக்கம் போல எந்தச் சத்தமும் இல்லை. சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தொட்டிக்குக் கீழே, ஒருக்களித்துக் கிடந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஆச்சரியம் இருந்தது. நான் வந்தது அவளுக்குக் கேட்கவே இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர்கள் பிடிக்க, அதே காரில்தான் கொண்டுபோனேன். போகும் வழியில் மகனுக்குச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து முடிப்பதற்குள் அவனும் வந்துவிட்டான்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். முதலில் கேட்டது, "எப்ப இப்படி ஆச்சு?" என்றுதான்.

"தெரியல. நான் வெளியில போயிருந்தேன்."

"கடைசியா நல்லா இருந்ததை எப்பப் பார்த்தீங்க?"

"எட்டு மணிக்கு."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்று. மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்க ஒரு ஊசி இருக்கிறது, அதை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், எட்டு மணியிலிருந்து கணக்கிட்டால் நேரம் தாண்டிவிட்டது, தாண்டிப் போட்டால் ரத்தம் கசிந்து ஆபத்தாகும் என்றார். "நடுவுல அவங்க யார்கிட்டயாவது பேசினாங்களா? போன் ஏதாவது வந்துச்சா? நேரம் மட்டும் சரியாத் தெரிஞ்சா நல்லாயிருக்கும்."

மகன் என்னைப் பார்த்தான். "ஸ்பீக்கர்லேர்ந்து கால் வந்துச்சா நைனா?"

பத்து பத்து என்று சொல்லியிருக்க வேண்டும். பத்து பத்துக்கு அவளால் பேச முடிந்தது. என் பெயரை இயந்திரத்துக்குப் புரியும்படி சொல்ல முடிந்தது. அதிலிருந்து எண்ணினால் நேரம் மிச்சம் இருந்தது. இரண்டு சொல். சொல்லியிருந்தால், ஏன் எடுக்கவில்லை என்று அவன் கேட்டிருப்பான்.

"வரல" என்றேன்.

டாக்டர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். ஊசி போடவில்லை. போட்டிருந்தால் அவளுக்குப் பேச்சு திரும்பியிருக்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. திரும்பியிருக்காது என்றும் யாரும் சொல்லவில்லை.

அவள் சொன்னதையெல்லாம் அந்த இயந்திரம் பதிந்து வைத்திருந்தது. மூன்றாம் நாள், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, காதில் இயர்போன் மாட்டி, என் போனில் ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

முதலில், "அவுருக்குப் போன் போடு" என்கிறாள். நாக்கு லேசாகக் குழறுகிறது. யாரை அழைக்க வேண்டும் என்று அது கேட்கிறது. "எங்க வூட்டுக்காரருக்கும்மா." மன்னிக்கவும் என்கிறது. "நைனாவுக்குப் போடு." அதற்கு, "நைனா என்ற பெயரில் யாரும் இல்லை" என்று தெளிவான தமிழில், நிதானமாகச் சொல்கிறது. கொஞ்ச நேரம் மூச்சு மட்டும். பிறகு, "பையனுக்குப் போடு." அவனும் முழுப் பெயரில்தான் இருந்தான், அலுவலகத்தில் வழங்கும் பெயரில்; வீட்டில் அவனை அவள் கூப்பிடுவது வேறு. மன்னிக்கவும். அடுத்து அவள், "அந்தச் சாமி பேருதான், அந்தச் சாமி பேரு" என்கிறாள். அது பக்திப் பாடல் ஒன்றைப் போடுகிறது. பாட்டுக்கு நடுவில் அவள் அதன் பெயரைச் சொல்லிக் கத்துகிறாள். "நிறுத்து பொண்ணு, நிறுத்து."

அதற்குப் பிறகுதான் என் பெயர். முதல் தடவை குழறிப் போகிறது. இரண்டாவது தடவை, இனிஷியலோடு, நான் சொல்லிக் கொடுத்தது போலவே, ஒவ்வொரு எழுத்தாக, வகுப்பில் எழுந்து நிற்கும் பிள்ளை மாதிரி சொல்கிறாள். "அழைக்கிறேன்" என்கிறது அது.

அது சொன்ன அடுத்த வாக்கியம், அழைப்பு துண்டிக்கப்பட்டது என்பது.

அதன் பிறகு ஒரே ஒரு பதிவுதான். "சர்தான் வுடு. வேலையா கீறாரு போல."

அது அவள் பேசிய கடைசி வார்த்தை. அவள் எனக்காக அந்த இயந்திரத்திடம் காரணம் சொல்லியிருக்கிறாள். அதற்கும் அது, மன்னிக்கவும், அது எனக்குப் புரியவில்லை என்றது.

கேட்டு முடித்ததும் ஒவ்வொன்றாக அழித்தேன். மகன் எப்போது வேண்டுமானாலும் அவன் போனில் திறந்து பார்ப்பான் என்ற பயம். என் போனில் இருந்த அழைப்புக் குறிப்பையும் அழித்தேன். நாற்பத்து மூன்று வருடம் என்னோடு பேசிய குரலில் மிஞ்சியிருந்தது அவ்வளவுதான், அதை நான் அழித்தேன். இனி அது எங்கும் இல்லை. கூப்பிட்டுப் பார்த்தது போலத் தெரிகிறது, அதற்குப் புரியவில்லை என்று மகனிடம் சொன்னேன். அவன் அந்த உருண்டையைப் பிடுங்கிக்கொண்டு போய், ஏரிக்கரைக் குப்பையில் போட்டான். தெரிந்தவர்களிடமெல்லாம் அதைத் திட்டினான். இணையத்தில் திட்டி எழுதினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன்.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அவள் கூடத்துக் கட்டிலில் படுத்திருக்கிறாள். வலது பக்கம் வராது. "ஆ" என்று ஒரு சத்தம் வரும். தண்ணீருக்கும் அதே சத்தம், வலிக்கும் அதே சத்தம். நான் தினமும் குளிப்பாட்டுகிறேன், ஊட்டுகிறேன். பார்க்க வருகிறவர்கள், இந்த வயதில் இப்படிக் கவனிக்கிறாரே என்று என்னைப் புகழ்கிறார்கள். அப்போது அவள் என்னைப் பார்க்க மாட்டாள், சுவரைப் பார்ப்பாள். என் போன் மணி அடித்தால் மட்டும் தலையைத் திருப்புவாள். நான் எடுக்கும் வரை என் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

கேள்வி வந்த பிறகு இரண்டு தடவை என் பழைய கருத்தைத் திருத்த முயன்றேன். "இந்தக் கருவி சரியாக வேலை செய்தது. நான்தான் செய்யவில்லை" என்று தொடங்கி, நடந்ததை எழுதி அனுப்பினேன். மறுநாள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கருத்து பொருளைப் பற்றியதாக இருக்க வேண்டுமாம். இரண்டாவது தடவையும் அதே பதில்.

மகன் நேற்று மறுபடி கேட்டான். "போட்டியா நைனா? பாவம், அந்தப் பொம்பள காத்துகினு இருக்கும்."

அது போன் போடவில்லை என்று ஒரு வரி எழுதினால் முடிந்துவிடும். அந்தப் பெண் வேறு ஏதாவது வாங்குவாள், அல்லது எதுவும் வாங்காமல் விடுவாள். என் மகன் என்னை நைனா என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பான். செய்யூர்ப் பக்கத்தில் முழங்கால் வலியோடு ஒரு தாய் தனியாக இருப்பாள். அவளும் என் மனைவி பேசிய பேச்சுத்தான் பேசுவாள்.

இன்று காலை அவளுக்குக் கஞ்சி ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, கட்டில் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து எழுதினேன்:

"போன் போகும் அம்மா. உங்கள் அம்மா உங்களை வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுவாரோ அந்தப் பெயரிலேயே உங்கள் எண்ணைப் பதிந்து வையுங்கள். அவர் பேச்சைத் திருத்தாதீர்கள். எங்கள் வீட்டிலிருந்து போன் வந்தது. எடுக்க வேண்டியவர் எடுக்கவில்லை."

அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு, அவளுக்கு ஒரு முறை வாசித்துக் காட்டினேன். அவள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மணி அடித்தது. அவள் தலை திரும்பியது. மகன்தான். எடுத்தேன்.

"நைனா, இன்னா எழுதியிருக்க? எடுக்க வேண்டியவர் எடுக்கலன்னா, யாரு எடுக்கல?"

"நான்தான். எடுக்காம இல்லப்பா. கட் பண்ணேன்."

அவன் இருக்கும் இடத்தில் யாரோ சிரிப்பது கேட்டது, அலுவலகமாக இருக்கலாம். பிறகு ஒரு கதவு சாத்தும் சத்தம். அந்தச் சிரிப்பு நின்றது.

"எத்தன மணிக்கு?"

அவன் இதைத்தான் முதலில் கேட்பான் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். டாக்டர் கேட்டபோது அவனும் பக்கத்தில்தான் நின்றான்.

"பத்து பத்துக்கு."

 போனைக் காதிலேயே வைத்திருந்தேன். ஏதாவது சொல்வான், திட்டுவான் என்று காத்திருந்தேன்.  திட்டவில்லை. குரல் சாதாரணமாக இருந்தது.

"அம்மாக்குத் தெரியுமா?"

"தெரியும். கட் பண்ணது அவளுக்குக் கேட்டுது."

"போன அம்மா காதுல வைங்க."

வைங்க என்றான். பிறந்ததிலிருந்து அவன் என்னிடம் அப்படி மரியாதை போட்டுப் பேசியதில்லை. நைனா என்ற சொல்லும் அதில் இல்லை.

தலையணையை நகர்த்தி, போனை அவள் இடது காதில் வைத்துப் பிடித்தேன். அவன் பேசினான். குரல் பூச்சி ரீங்கரிப்பது போல வெளியே வந்ததே தவிர, வார்த்தைகள் பிடிபடவில்லை. நான் குனிந்து கேட்க முயன்றபோது அவள் இடது கை எழுந்து என் கையைத் தள்ளியது. அந்தக் கையாலேயே போனைப் பிடித்துக் காதோடு அழுத்திக்கொண்டாள். நான் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினேன்.

அவள் "ஆ" என்றாள். கொஞ்சம் கழித்து மறுபடி "ஆ". அவன் அங்கே ஏதோ கேட்கிறான், இவள் பதில் சொல்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது. அவனுக்கு அது புரிந்திருக்கும் போலிருக்கிறது, பேச்சு நிற்கவில்லை. கால்மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். நான் கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். அப்போதும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு திரை அணைந்தது. அவள் போனை மார்பின் மேல் வைத்துக்கொண்டு சுவரைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

அவன் அவளிடம் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. அவனைக் கேட்க எனக்கு வாய் இல்லை. அவளால் சொல்ல முடியாது.